ஸ்வெட்டருக்குள் ஒளிந்த முழங்கை: ஒரு ஹீமோபிலியா குடும்பத்தோடு பதினான்கு மாதங்கள்

மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர்களாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க வயது, வேலை, வீட்டு விவரம் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

பின்னணி

நீலகிரியில் பந்தலூர் வட்டம், கேரள எல்லையை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே வேலை செய்பவர்களில் பலர் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். குடியிருப்பை இன்றும் லயம் என்றுதான் சொல்கிறார்கள். இந்தக் குடும்பமும் அப்படி வந்ததுதான். அப்பா கவ்வாத்துக்கும் (தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை) பூச்சிமருந்தடிக்கவும் போகிறவர், 42 வயது. அம்மா கொழுந்து பறிப்பவர், 37. மூத்தவள் பிளஸ் ஒன், பையன் ஆறாம் வகுப்பு. அப்பாவின் அம்மா, பிள்ளைகளுக்கு அப்பாயி, அவர்களோடே இருக்கிறார்.

பையனுக்கு இரண்டு வயதில் கீழே விழுந்து உதட்டின் உள்பக்கம் கிழிந்தது. மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை. பரிசோதனையில் ஹீமோபிலியா ஏ என்று தெரிந்தது. ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் அவனுக்கு 1 விழுக்காட்டுக்கும் கீழே. சாதாரணமாக அது 50 முதல் 150 விழுக்காடு வரை இருக்கும். 1-க்குக் கீழே போனால் கடுமையான வகை. அடிபடாமலே மூட்டுக்குள் ரத்தம் கசியும். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் உள்ளே இருக்கும் மென்சவ்வு தடித்து, குருத்தெலும்பு அரித்து, அந்த மூட்டு மடங்காமலும் நீளாமலும் போய்விடும். இந்தப் பையனுக்கு இடது முழங்கையும் வலது முழங்காலும் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தன.

லயத்திலிருந்து எங்கள் சிகிச்சை மையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், நான்கு மணி நேரம். குறையும் ஃபேக்டரை ஈடுகட்டப் போடும் ஃபேக்டர் ஊசி இலவசம்தான். ஆனால் ஒரு தடவை வந்து போனால் இரண்டு ஆள் கூலி போகும், பஸ் காசு போகும், பல நேரம் ராத்திரி வார்டில் தங்கவும் வேண்டியிருக்கும். மாலை ஏழு மணிக்கு மேல் யானை இறங்கும் பாதை அது. லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு யாரும் நடக்க மாட்டார்கள், 108 வண்டியும் ரோட்டிலேயே நின்றுவிடும். ராத்திரி வரும் கசிவு எதுவானாலும் விடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ஜூன் மாதம் மருத்துவர் என்னிடம் அனுப்பிய குறிப்பு இது: “ஒழுங்காக வருவதில்லை. கசிவு வந்து மூன்று நான்கு நாள் கழித்தே வருகிறார்கள். குடும்பத்துக்கு அக்கறை இல்லை. கவுன்சலிங் தேவை.” ரெஜிஸ்டரைப் பார்த்தேன். முந்தைய ஒரு வருடத்தில் ஐந்தே வருகை, ஐந்துமே தாமதம். குறிப்பில் இருந்ததை அப்படியே நம்பினேன்.

முதல் சந்திப்பு, அதில் நான் செய்த இரண்டு தவறுகள்

அம்மாவும் அப்பாயியும் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பா வார்டு வாசலோடு நின்றுவிட்டார்.

நான் கேட்ட முதல் கேள்வி, “ஏம்மா, வீங்கின உடனே கூட்டிட்டு வரல?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். “தெரியல மேடம்” என்றார். அப்பாயி அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நானும் கவனித்தேன், ஆனால் அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை. ‘நோய் பற்றிய புரிதல் குறைவு’ என்று கோப்பில் எழுதி, புரிதலைக் கூட்டும் வேலையில் இறங்கினேன். அதுதான் இரண்டாவது தவறு.

ஒரு வெள்ளைத்தாளில் வட்டமும் கோடும் போட்டு எக்ஸ் குரோமோசோம் பாடம் நடத்தினேன். மாற்றமடைந்த மரபணு அம்மாவின் இரண்டு எக்ஸில் ஒன்றில் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் அதைச் சுமப்பவளாக இருக்க பாதி வாய்ப்பு. மகனுக்கு அப்பாவின் எக்ஸ் போவதில்லை, அதனால் அவரிடமிருந்து அவனுக்கு இது வந்திருக்க முடியாது. சொன்னது அத்தனையும் சரி. சொன்ன இடம்தான் தப்பு. மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “அப்பாவிடமிருந்து வராது” என்று சொல்லி, அம்மாவுக்கான வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக நிரப்பி, அந்தத் தாளையும் மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

லயத்தில் பார்த்தது

ஆகஸ்ட் முதல் வாரம் வீட்டுக்குப் போனேன். தேவாலா பக்கத்து மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, தகரக் கூரைச் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும், “ரத்த நோய்க்கு வந்தீங்களா, அது அடுத்த லயம்” என்றார். அந்தப் பக்கத்தில் ரத்த நோய் என்றால் ஆதிவாசிக் குடும்பங்களிடையே அதிகம் காணப்படும் சிக்கிள் செல் நோயைத்தான் நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பையனுக்கும் அதுதான் என்று பாதி லயம் நம்பிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் அறிந்தேன்.

அக்காள் டீ போட்டுக் கொடுத்தாள். பையன் பள்ளி ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தான். இடது கைப்பழக்கம் உள்ளவன். டம்ளரை இடது கையால் எடுத்தான். கை பாதி தூரம் வந்து நின்றது. மேலே வரவில்லை. தலையைக் குனிந்து வாயை டம்ளரிடம் கொண்டுபோய் உறிஞ்சினான். வீட்டில் யாரும் இதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துப் பழகிவிட்டார்கள். மலையில் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை ஸ்வெட்டரோடுதான் இருப்பார்கள். முழங்கை வீங்கியிருந்தால் அதை மறைக்க இதைவிட வசதியான துணி இல்லை.

மழை கொஞ்சம் விட்டதும் பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) திண்ணைக்கு அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்வெட்டர் கையைச் சுருட்டச் சொன்னேன். சூடாக, பளபளவென்று வீங்கியிருந்தது.

“எப்பலேர்ந்துடா?”

“முந்தாநாள், மிஸ்.”

“அம்மாகிட்ட ஏன் சொல்லல?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: “சொன்னா அம்மாவைத் திட்டுவாங்க.”

பிறகு அவனாகவே கணக்குச் சொன்னான். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் முழங்கால் ஒரு தடவை. முழுப் பரீட்சை நடுவே முழங்கை. ஸ்கூல் திறந்த வாரம் மறுபடியும் முழங்கை. சொன்னவற்றைக் கூட்டினால் எட்டோ ஒன்பதோ வந்தது. எங்கள் ரெஜிஸ்டரில் ஒன்றும் இல்லை. வலி தாங்க முடியாத ராத்திரிகளுக்கு ஒரு வழி வைத்திருந்தான். லயத்துக் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் வலி மாத்திரை. அட்டையைக் காட்டினான், டைக்ளோஃபினாக். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையைத் தடுத்துக் கசிவைக் கூட்டும். ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு வலிக்குப் பாராசிட்டமால்தான் என்பது எங்கள் மையத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பாடம். அம்மாவுக்கு அது மனப்பாடம். மாத்திரை வாங்கிப் போட்டதோ பையன்.

குறிப்பில் இருந்த ‘தாமதம்’ அம்மாவுடையது அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. கசிவு வந்து மூன்று நாள் கழித்து அவர்கள் வந்தார்கள் என்றால், அவருக்குக் கசிவு தெரிந்ததே மூன்றாவது நாள்தான்.

அம்மா சொன்னது

அம்மாவோடு தனியாகப் பேச வேலைநேரம்தான் வாய்த்தது. எடை போடும் இடத்துக்குப் பின்னால், மதிய இடைவேளையில். ராத்திரி மூன்று தடவை எழுந்து போன் டார்ச் அடித்துப் பையனின் மூட்டுகளைப் பார்ப்பாராம், அவன் தூங்குவதுபோல் நடித்துக் கையை உடம்புக்கடியில் வைத்துக்கொள்வான். (இதைப் பையனிடமிருந்து நான் முன்பே கேட்டிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.) ஒரு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறார். இவர் பிறப்பதற்கு முன்பே, பால் பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனாராம். பிறந்த வீட்டில் அதைக் காத்துக் கருப்பு என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். ஹீமோபிலியா உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் நோய் இருந்திருக்காது, மரபணு மாற்றம் புதிதாக நேர்ந்திருக்கும். இந்தக் குடும்பம் அந்தக் கணக்கில் வராது. எங்கள் கோப்பிலோ ‘குடும்ப வரலாறு: இல்லை’ என்று ஒன்பது வருடமாக இருந்தது. கேட்டவர்கள் “இந்த நோய் வேறு யாருக்காவது இருக்கிறதா” என்று கேட்டிருப்பார்கள். சின்ன வயதில் ரத்தம் போய் இறந்தவர் உண்டா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்பாயிக்கு அந்த அண்ணன் கதை தெரியும். “தெரிஞ்சே கட்டிக் கொடுத்துட்டாங்க” என்பது வீட்டில் பல வருடச் சொல். ஜூன் மாதத்துக்குப் பிறகு அதற்கு ஆதாரமும் கிடைத்துவிட்டது. நான் வரைந்து கொடுத்த தாள். காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்து, வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அந்தக் கறுப்பு வட்டத்தைக் காட்டியிருக்கிறார். “ஆஸ்பத்திரி மேடமே எழுதிக் குடுத்திருக்கு.”

இதைச் சொல்லும்போது அம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. பேச்சின் முடிவில், “நானும் அவனும் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி மேடம்” என்றார். சாதாரணக் குரலில், எடைத்தராசைப் பார்த்துக்கொண்டே.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அந்த வார்த்தைக்குப் பிறகு ஃபேக்டர், தாமதம் எல்லாம் இரண்டாவதாகிவிட்டன. நேரடியாகக் கேட்டேன்: சாக வேண்டும் என்று நினைத்ததுண்டா, எப்படி என்று யோசித்ததுண்டா, பையனையும் சேர்த்தா? இப்படிக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. யோசித்ததுண்டு என்றார். மருந்தடிக்கும் வீடு அது. கேன் அடுப்படி மூலையில் இருந்தது.

அன்று மாலையே அப்பாவைப் பார்த்து, அம்மாவின் அனுமதியோடு, விஷயத்தைச் சொன்னேன். பூச்சிமருந்துக் கேன் ஸ்டோருக்குத் திரும்பியது. அம்மாவைத் தனியாக விடாமல் மகளும் அப்பாவும் முறைவைத்துப் பார்த்துக்கொள்வது என்று பேசினோம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அப்பாவின் போனிலும் மகளின் போனிலும் போட்டுக் கொடுத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது, தமிழில் பேசலாம், காசு இல்லை. மூன்றாம் நாள் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் நேரம் வாங்கி நானே கூடப் போனேன். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 கேள்வித்தாளில் 17 வந்தது, மிதமான அளவைத் தாண்டிய மனச்சோர்வு.

மாத்திரை எழுதுவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொன்னேன். மனச்சோர்வுக்கு அதிகம் எழுதப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் தட்டணுக்களைப் பாதித்துக் கசியும் போக்கைச் சற்றுக் கூட்டக்கூடும். ஹீமோபிலியா மரபணுவைச் சுமக்கும் பெண்களிலும் சிலருக்கு ஃபேக்டர் அளவு குறைவாக இருக்கும். இந்த அம்மாவுக்கு எவ்வளவு? யாரும் பார்த்ததில்லை. மனநல மருத்துவர் அப்போதைக்குத் தூக்கத்துக்கும் உதவுகிற மிர்டாஸபினைத் தொடங்கிவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு 34 விழுக்காடு வந்தது. 40-க்குக் கீழே என்றால் அவரே லேசான வகை ஹீமோபிலியா நோயாளி. மாதவிடாய் எட்டு, ஒன்பது நாள் போவது, இரண்டு பிரசவத்திலும் அதிகம் ரத்தம் போனது, ஹீமோகுளோபின் 8-லேயே நிற்பது எல்லாவற்றுக்கும் அப்போதுதான் ஒரு பெயர் கிடைத்தது. பெரும்போக்குக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று வேறோர் இடத்தில் பேசி, தைக்குப் பிறகு ஆபரேஷன் என்றும் முடிவு செய்திருந்தார்கள். ஃபேக்டர் அளவு தெரியாமலே மேஜையில் ஏறியிருப்பார். அந்த ஆபரேஷன் தேவைப்படவில்லை. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் போதுமாயிருந்தன.

இந்தப் பரிசோதனை வீட்டில் அம்மாவின் பாரத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தேன். முதலில் நடந்தது வேறு. “பார்த்தியா, இவளுக்கே இருக்கு” என்றார் அப்பாயி.

பையன் விஷயத்தில் ‘உடனே வாருங்கள்’ என்ற பல்லவியை நிறுத்தினோம். கசிவைச் சொன்னால் அம்மாவுக்குத் திட்டு விழும் என்ற நிலை இருக்கும்வரை எந்த அறிவுரையும் எடுபடாது. அதனால் சொல்லும் வழியை மாற்றினோம். மூட்டில் குறுகுறுப்பு தொடங்கியதுமே (வீக்கத்துக்கு முன்னால் வரும் அந்த உணர்வைப் பிள்ளைகள் துல்லியமாகச் சொல்வார்கள்) அவன் அப்பாவின் போனிலிருந்து எங்கள் சிஸ்டருக்கு மிஸ்டு கால் கொடுப்பான். சிஸ்டர் திரும்பக் கூப்பிட்டு அவனிடம்தான் முதலில் பேசுவார். வீட்டுக்குச் சேதி சிஸ்டர் வழியாகப் போகும். “உங்க பையன் சரியான நேரத்துல சொல்லியிருக்கான்” என்றுதான் அவர் பேச்சைத் தொடங்குவார். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டோம்.

ஆனால் சொன்ன பிறகு நான்கு மணி நேரப் பயணம் என்றால் சொல்லி என்ன பயன்? ஆகவே வீட்டிலேயே ஊசி போடப் பழக்குவது என்று மருத்துவர் முடிவெடுத்தார். ஃபேக்டருக்கு எதிர்ப்பொருள் உருவாகவில்லை என்பதை அதற்கு முன் சோதித்தார்கள். கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் கால்வாசிப் பேருக்கு மேல் அது வரக்கூடும், வந்தால் வழக்கமான ஃபேக்டர் வேலை செய்யாது. இவனுக்கு இல்லை.

அக்காள் விஷயம் தனி. அவளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார் அப்பாயி, “பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடி.” அம்மாவும் அதையே மெதுவாகக் கேட்டார். எனக்கும் மருத்துவருக்கும் இதில் கருத்து வேறுபாடு. அவளுடைய உடல்நலத்துக்காக ஃபேக்டர் அளவையாவது பார்க்கலாம் என்பது அவர் பக்கம், நியாயமானதுதான். ஆனால் அளவு குறைந்து வந்தால் அவள் மரபணுவைச் சுமப்பவள் என்பதும் சேர்ந்தே வெளியாகிவிடும். சரியாக வந்தாலோ சுமக்கவில்லை என்று அர்த்தமில்லை. அவளுக்குப் பெரும்போக்கோ வேறு கசிவோ இல்லை, சீக்கிரத்தில் செய்ய வேண்டிய ஆபரேஷனும் இல்லை. அவளையே கேட்டோம். “இப்ப வேண்டாம் மேடம், பிளஸ் டூ முடியட்டும்” என்றாள். ‘பல் எடுப்பது, ஆபரேஷன் எதுவானாலும் அதற்கு முன் ஃபேக்டர் 8 பார்க்க வேண்டும்’ என்று கோப்பில் எழுதி, அதே வாசகத்தை ஒரு சீட்டில் அவளிடமும் கொடுத்தோம். அந்தச் சீட்டை யார் கையிலும் கொடுக்காதே என்றும் சொல்லிவைத்தேன்.

அப்பாவும் குப்பியும்

அப்பாவைப் பற்றி முதல் இரண்டு மாதக் கோப்பில் ஒரு வரிதான் இருந்தது: ‘ஈடுபாடு குறைவு.’ வட்டிக்கு வாங்கிய கடனையும் அடகில் இருக்கும் நகையையும் பிறகு அவரே சொன்னார். வார்டு வாசலிலேயே நிற்பதற்குக் காரணம் கேட்டதற்கு, “ஊசியைப் பார்த்தா தலை சுத்திடும், சார்ட்ட சொல்லிடாதீங்க” என்றார். டாக்டரிடம் சொல்ல வேண்டாமாம்.

ஊசி குத்தும் வேலை அம்மாவுக்கு, மருந்து கலக்கும் வேலை அப்பாவுக்கு என்று பிரித்தோம். ஒரு குப்பியில் தூள், இன்னொன்றில் கலக்கும் நீர். முதல் நாள் அப்பா மருந்தடிக்கும் பழக்கத்தில் குப்பியைக் குலுகுலுவென்று குலுக்கிவிட்டார். நுரை பொங்கி நின்றது. குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். காலாவதியான குப்பி என்பதால் நஷ்டமில்லை. இரண்டாம் நாள் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பிடிப்பதுபோல் பிடித்துச் சுழற்றினார்.

அம்மா நரம்பு பிடிக்கப் பழகியது ஐந்து அமர்வுகளில். கொழுந்துக் கறை ஏறிய ஆள்காட்டி விரலால் பையனின் புறங்கையைத் தடவி, கண்ணை மூடிக்கொண்டு, “இங்க” என்பார். சிஸ்டருக்கே ஆச்சரியம். “கண்ணை விட விரலுக்குத் தெரியுது” என்று அம்மா சொன்னார், அவர் வாயிலிருந்து பெருமையாக ஒரு சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஃபேக்டரை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜைக் கேட்டால் மழைக்காலத்தில் கரண்டே மூன்று நாள் இருக்காது. பல தயாரிப்புகளைக் குறிப்பிட்ட சில மாதங்கள் வரை அறை வெப்பத்திலும் வைக்கலாம், எத்தனை டிகிரி, எத்தனை மாதம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். லேபிளைப் படித்து, வெளியே எடுத்த தேதியைக் குப்பிமேல் எழுதி, திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்காமல் அந்தக் கெடுவுக்குள் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. நீலகிரிக் குளிர் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு ஒத்தாசை.

பின்பு நடந்தது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கசிவுப் பதிவேட்டில் ஒன்பது கசிவுகள். முந்தைய ஒரு வருடத்துக்கே ஐந்துதான். மாதாந்திரக் கூட்டத்தில், “உங்க தலையீட்டுக்குப் பிறகு நிலைமை மோசமாகியிருக்கிறதே” என்று கேட்டார்கள். மோசமாகவில்லை, முன்பு மறைந்திருந்தது இப்போது பதிவாகிறது என்று விளக்கினேன். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது என்ற அந்த எண்தான் கசிவு வராமல் தடுக்க முன்கூட்டியே ஃபேக்டர் போடத் தொடங்கக் காரணமாயிற்று. ஒரு கிலோ எடைக்கு 1 யூனிட் போட்டால் ஃபேக்டர் 8 அளவு சுமார் 2 விழுக்காடு ஏறும். அவன் அப்போது 28 கிலோ. கசிவு வந்தால் 500 யூனிட் போடுவோம், 35 விழுக்காட்டை ஒட்டி ஏறும், எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஜனவரி முதல் கசிவுக்குக் காத்திராமல் திங்கள், வியாழன் இரண்டு நாளும் 250 யூனிட் போடத் தொடங்கினார்கள். குறைந்த அளவுதான். அடுத்த ஐந்து மாதத்தில் மூன்றே கசிவு.

பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் போனது. விளையாட்டு நேரத்தில் அவனை ஸ்டாஃப் ரூமில் உட்கார வைத்துவிடுவார்கள். கபடியும் ஃபுட்பாலும் வேண்டாம், நடை, கேரம், ஸ்கோரர் வேலை எல்லாம் செய்யலாம் என்று எழுதினோம். தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது என்பதை மட்டும் சிவப்பில் எழுதினோம்.

மே மாதம் விடுமுறையில் அதுதான் நடந்தது. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் தலை இடித்துக்கொண்டான். ரத்தம் வரவில்லை, புடைப்புகூடப் பெரிதில்லை. ஐந்து நிமிடத்தில் அவனே ஓடிவந்து சொன்னான். சிஸ்டர் போனில் அளவு சொல்ல, அப்பா 500 யூனிட் குப்பிகள் மூன்றைக் கலக்க, அம்மா போட்டுவிட்டு அப்புறம்தான் ஜீப்பைக் கூப்பிட்டார்கள். தலை அடிக்கு ஃபேக்டர் முதலில், ஸ்கேன் பிறகு. வழியில் யானை நின்றதால் முக்கால் மணி நேரம் ஜீப் நகரவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை.

அம்மாவின் பி.எச்.கியூ-9 மார்ச்சில் 6. மாத்திரை தொடர்கிறது. ராத்திரி டார்ச் அடிப்பது ஒரு தடவையாகக் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மாதாந்திரப் பெற்றோர் கூட்டத்தில் கோத்தகிரிப் பக்கத்து இன்னொரு அம்மாவோடு சிநேகமாகிவிட்டார், இருவரும் வாட்ஸாப்பில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

அப்பாயியை நான் மாற்றவில்லை. காலண்டருக்குப் பின்னாலிருந்த தாளைத் திரும்ப வாங்க ஒரு தடவை முயன்று தோற்றேன். சித்திரையில் காலண்டரோடு அதுவும் போய்விட்டது என்று மகள் சொன்னாள். நோயின் பெயரை அவர் இன்றும் சொல்வதில்லை. ஆனால் திங்களும் வியாழனும் காலையில், “டேய், ஊசி” என்று குரல் கொடுப்பது அவர்தான்.

முழங்கை பாதிதான் மீண்டது. பிசியோதெரபியால் டம்ளர் வாய்வரை வருகிறது. முழுதாக நீட்ட வரவில்லை, இனி வரும் என்று மருத்துவர் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளி அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் இருக்கிறது, அம்மாவுக்கு வாங்கிவிட வேண்டும், அப்பாவுக்குப் பையன் மேல் முத்திரை குத்துவதாகப் படுகிறது. அவசரப்படுத்தவில்லை. பையனுக்கே பன்னிரண்டு ஆகிவிட்டது, அடுத்த தடவை அவனையும் உட்கார வைத்துப் பேசுவதாக இருக்கிறோம்.

மறுபடி செய்தால்

முதல் சந்திப்பில் ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி எதையும் அம்மாவிடம் கேட்க மாட்டேன். ‘வீங்கியிருக்கிறது என்று எப்போது, யார் முதலில் பார்த்தது?’ என்று கேட்டிருந்தால் ஜூன் மாதமே பாதி விஷயம் வந்திருக்கும்.

எட்டு வயதைத் தாண்டிய பிள்ளையோடு முதல் நாளே பத்து நிமிடமாவது தனியாகப் பேசுவேன். ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி இரண்டு முழங்கைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது எங்கள் ஓ.பி.யில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. சிஸ்டர்கள் கொண்டுவந்த வழக்கம் அது.

மரபணு விளக்கத்தைத் தம்பதியிடம் தனியாகச் சொல்வேன், மாமியாரிடம் என்ன சொல்லலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். படம் வரைந்தால் தாளை நானே வைத்துக்கொள்வேன். வட்டத்தை நிரப்பவும் மாட்டேன்.

அம்மாவின் ஃபேக்டர் அளவைப் பையனுக்கு நோய் தெரிந்த வருடமே பார்த்திருக்க வேண்டும். ஒன்பது வருடம் அவரை ‘நோயாளியின் தாய்’ என்ற ஒரே கட்டத்தில் வைத்திருந்தோம். பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்ததில் அளவு பார்க்காத அம்மாக்கள் இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கு முடிந்திருக்கிறது. மீதி நான்கு பேரில் இருவர் வீட்டு விலாசம் மாறிவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறோம்.